தேசம்மா வீட்டுக் கல்யாணத்தில் ஆகாயத்தாமரை

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். மருந்து எவ்வளவு கலப்பது, எந்த இயந்திரத்தை எந்த ஆழத்தில் இறக்குவது என்பதெல்லாம் பயிற்சியில் வரும். ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் எனக்கு அதில் பாதி மறந்தும்விட்டது. மறக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நீர்நிலைகளில் களை எடுக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். திருவொற்றியூர் கால்வாயிலிருந்து மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் பாசன ஏரிகள் வரைக்கும், இந்தப் பக்கம் மாதவரம் வரைக்கும், ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் எங்கே இருந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த வட்டாரத்தில் அந்தச் செடியை அதிகமாகப் பரப்பிய ஆள் யார் என்று கேட்டால், மறைக்க ஒன்றுமில்லை, நான்தான்.

அது ஒரு அரசுக் கண்காட்சியில் ஆரம்பித்தது. திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில் எல்லாத் துறைக்கும் ஆளுக்கொரு அரங்கு கொடுத்தார்கள். எங்களுக்குப் பக்கத்து அரங்கில் மீன் வறுத்து ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கே நின்றது. எங்கள் அரங்கில் நானும், உதவியாளர் கோதண்டமும், ஏரி மதகின் பெரிய படம் ஒன்றும் மட்டும். கோதண்டம் தண்டையார்பேட்டைக்காரர், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. அவரே மூன்று முறை எழுந்துபோய் மீன் தின்றுவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் எனக்கு வீம்பு வந்துவிட்டது. முப்பது கண்ணாடிக் கிண்ணம் வாங்கி, ஒவ்வொன்றிலும் பூத்த ஆகாயத்தாமரைச் செடி ஒன்றை மிதக்கவிட்டேன். பின்னால் சின்ன விளக்குச் சரம். மேலே 'எதிரியை அறிவோம்' என்று அட்டை. அந்த ஊதாப் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரை கிலோமீட்டர் ஏரியை மூடிக் கிடக்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். கிண்ணத்தில் ஒற்றைப் பூவாக வைத்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணைப் பறிக்கும்.

கூட்டம் வந்தது. மீனை விட்டுவிட்டு வந்தது. நான் உற்சாகமாக எச்சரிக்க ஆரம்பித்தேன்.

"இதுக்கு மண்ணு வேண்டாம், உரம் வேண்டாம். தண்ணியில போட்டா போதும். ரெண்டு வாரத்துல ஒண்ணு ரெண்டாகும். சாகடிக்கவே முடியாது."

முன்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கேட்டியா, சாவவே சாவாதாம். நான் வாங்கின ரோஜா ஒரு வாரம் கூட தாங்கல."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நடுவில் மேலதிகாரி கூப்பிட்டார் என்று போய், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் மேசை காலி. முப்பது கிண்ணத்தில் ஒன்றுகூட இல்லை. கோதண்டம் முகம் மலர நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் போய்ட்ச்சி மேடம். கேட்டாங்கோ, குட்துட்டேன். சும்மா குடுக்கல, பேரு, அட்ரஸ் எல்லாம் நோட்ல எழுதி வாங்கிகினு தான் குட்தேன்."

அன்று சாயங்காலம் சிறந்த அரங்கு என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

நான் அப்போது செய்த தப்பு, கிண்ணங்கள் போனதல்ல. போன பிறகு, 'கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும் செடி என்ன செய்துவிடப் போகிறது' என்று கேடயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான். நோட்டில் விலாசம் இருந்தது. மறுநாளே கிளம்பியிருக்கலாம். கடைசியில், இனிமேல் சொல்லப் போகிற கல்யாணத்துக்குப் பிறகுதான், இருபத்தொன்பதை வீடு வீடாகப் போய் வாங்கினோம். அது தனிக் கதை, பெரும்பாலும் நாய்கள் சம்பந்தப்பட்டது. இங்கே சொல்ல வந்தது முப்பதாவது கிண்ணத்தைப் பற்றி.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் வெற்றிலைத் தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தாள். பேர் தேசம்மா. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், இவள் கருவாட்டு வியாபாரம். கண்காட்சியில் என்னைப் பார்த்தாளாம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் மேடம். நீங்க கண்டிப்பா வர்ணும். நீங்க குட்த செடி இன்னா மாரி வளந்து கீது தெரிமா?"

அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது. ஒரு காதில் போன், ஒரு காதில் தேசம்மா. சிரித்துத் தலையாட்டிப் பத்திரிகையை வாங்கி வைத்துவிட்டேன். அவள் சொன்ன வாக்கியத்தில் 'செடி' என்ற சொல் என் தலைக்குள் போகவே இல்லை. நம் தொழிலில், ஒருவர் 'நல்லா வளருது' என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யார் போனாக இருந்தாலும் சரி.

கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில். கோதண்டத்துக்கும் பத்திரிகை இருந்ததால் அவரும் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் வந்து சேர்ந்துகொண்டார். முகூர்த்தம் காலையிலேயே முடிந்திருந்தது. நாங்கள் போனபோது பதினொன்றரை, முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் நல்ல பட்டுப் புடவை, அரக்குச் சிவப்பு. அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் அந்தப் புடவை படாத பாடு பட்டது.

வாசலில் நீளமாக இரண்டு மேசை. அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், ஒரு ஆகாயத்தாமரை, வெள்ளி ரிப்பன். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத் தேங்காய்ப் பைக்குப் பதிலாகக் கொடுக்க. டப்பாவில் பொண்ணு மாப்பிள்ளை பேரும், கீழே ஒரு வரியும் அச்சடித்திருந்தது: 'எங்கள் அன்பைப் போல இதுவும் வளரட்டும்.'

வளரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மேடம், இது நம்ம செடி மாரியே கீதே," என்றார் கோதண்டம்.

"நம்ம செடிதான்."

"அதான் பாத்தேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் மன்னிக்கவில்லை.

மேசையில் இருந்த பையனிடம் எத்தனை என்று கேட்டேன். இருநூற்றுப் பதினாலு என்றான். மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்று கேட்டேன். அவன் சொன்ன ஊர்ப் பேரை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் அந்த ஊர் ஏரியை நாங்கள் அதற்கு முந்தின மாதம்தான் சுத்தம் செய்து முடித்திருந்தோம். மூன்று வருட வேலை. மதகு அடைத்து, தண்ணீர் வயலுக்கு வராமல், இரண்டு போகம் போன ஊர். ஏரி திறந்த அன்று அந்த ஜனங்கள் தண்ணீரைக் கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரிலிருந்து நூறு பேர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு செடியோடு திரும்பிப் போகப் போகிறார்கள். மற்ற நூறு மாதவரம், மணலி என்று ஊரெல்லாம் போகும்.

நான் ஓரமாகப் போய் ஒருவருக்குப் போன் போட்டேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் எந்த அதிகாரியும் இல்லை, மிதவை இயந்திரம் ஓட்டிய ஒருவர். புளியந்தோப்புக்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர். பேரைச் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறார், பேர் வெளியே வந்தால் சொந்தக்காரர்கள் வேலை கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். விஷயத்தைச் சொன்னேன். முழுசாக ஒரு நிமிஷம் சிரித்தார். நான் காத்திருந்தேன்.

"சரி மேடம். ஏரில தழை அடிச்சிகினு வந்தா நாம மொதல்ல இன்னா பண்ணுவோம்?"

"எடுப்போம்."

"அதான் நீங்க எப்பவும் பண்ற தப்பு. மொதல்ல கட்டை கட்டி வழிய அடைப்போம். அப்பால தான் எடுக்கறது. மண்டபத்துக்கு எத்தினி வாசல்?"

"ரெண்டு. முன்வாசல், சமையல்கட்டு வாசல்."

"ரெண்டுத்துலயும் ஆள நிறுத்துங்கோ. சிரிச்ச மூஞ்சா நிக்கணும். எவனையும் வையாதீங்க. நீங்க வஞ்சா அவன் செடிய ஒளிச்சி எட்துகினு பூடுவான்."

கோதண்டத்தைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தினேன். முன்வாசல் மேசைப் பையனிடம், தேசம்மா சொல்லும்வரை யாருக்கும் கொடுக்காதே, யாரையும் செடியோடு வெளியே விடாதே என்றேன். ஆனால் முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மரியாதையாக இலை பக்கத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களாம். பார்த்தேன். நூறு டப்பா, நூறு இலைக்குப் பக்கத்தில் பூத்துக்கொண்டிருந்தது.

இனி என்ன செய்வது? மேடையில் மைக் இருந்தது. நான் ஏறி, 'இது ஏரியைக் கொல்லும் களை, எல்லாரும் திருப்பிக் கொடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். வேலை விதிப்படி அதுதான் சரி. படியில் ஒரு கால் வைத்தும்விட்டேன். அப்போது அந்தப் பொண்ணைப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் போய் வாழப் போகிற ஊர் அது. அந்த ஊர் ஏரிக்கே களையைச் சீர் கொண்டுவந்த மருமகள் என்று ஒருமுறை பேர் விழுந்தால் எத்தனை வருடத்துக்கு இருக்கும்? ஏரியையாவது மூன்று வருடத்தில் சுத்தம் செய்துவிடலாம்.

காலை எடுத்துக்கொண்டேன். தேசம்மாவைக் கையைப் பிடித்து, சீர்த்தட்டு வைத்திருந்த அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மழ வெள்ளத்துல ஆத்துல அடிச்சிகினு வந்து, மொகத்துவாரத்துல வலய கிழிக்குமே, அந்த கலீஜா மேடம் இது?"

"அதேதான்."

"அது கறுப்பா நாறிகினு கெடக்கும். இது பூ மாரி கீதே."

"அது உப்புத் தண்ணி பட்டு செத்தது. இது உயிரோட இருக்கறது."

தேசம்மா அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரு வலய ரெண்டு தபா கிழிச்சுது. ரெண்டு தபாவும் நான்தான் அத சாபம் வுட்டேன். அதையே கொண்டாந்து, ஒடஞ்ச ஃபைபர் போட்ல தண்ணி ரொப்பி, அஞ்சு மாசமா மீன் கழுவுன தண்ணிய ஊத்தி ஊத்தி வளத்துகினு இருந்தேன். எம் பொண்ணக் கூட நான் அப்டி பாத்துக்கல."

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மைக்ல சொல்லாத மேடம். குட்தத திருப்பிக் கேட்டா அசிங்கம். அதுவா திரும்பி வர்ணும்." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "வூட்ல நெத்திலி கருவாடு பாக்கெட் போட்டு வச்சிருக்கேன், சந்தைக்கு. முந்நூறு இருக்கும். குட்டியானை வண்டி அனுப்பறேன். ஆனா ரோட்ல கண்டெய்னர் லாரி நிக்கும், ஒரு மணி நேரம் ஆவும். அதுவரிக்கும் ஜனத்த புட்ச்சி வையி."

சாப்பிட்டு முடித்த இருநூறு பேரை ஒரு மணி நேரம் பிடித்து வைப்பது எப்படி என்று அவளே சொன்னாள். போட்டோ. ஒவ்வொரு குடும்பமும் செடியைக் கையில் வைத்துக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையோடு நின்று ஒரு படம். படம் எடுத்ததும் செடியை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் அண்டாவில் போட வேண்டும், போட்டவருக்குக் கருவாட்டுப் பாக்கெட். ஏன் என்று யாராவது கேட்டால்?

"எங்க குப்பத்து வழக்கம்னு சொல்லு," என்றாள் தேசம்மா. "யாரு வந்து பாக்கப் போறான்?"

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு ஒருவரும் ஒரு செடியைப் பிடுங்கியதில்லை. அன்று தேசம்மா மைக்கைப் பிடித்து, சாதாரணமாகச் சொன்னாள்: "அல்லாரும் செடியோட வந்து படம் புட்ச்சிகினு, செடிய அண்டாவுல வுட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு, கருவாடு வாங்கிகினு போங்கோ." இரண்டே நிமிஷத்தில் வரிசை வாசல்வரை நின்றது.

நான் அண்டாவுக்குப் பக்கத்தில் அரக்குப் புடவையில் நின்று, கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கத்து ஜனம் மளமளவென்று போட்டது. கருவாடு என்றதும் சிலர் மேசையிலிருந்து இன்னொரு செடியை எடுத்துவந்து இரண்டாம் முறை போட்டார்கள். நான் தடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்தான் தயங்கினார்கள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "பரவால்ல மேடம், நாங்க வூட்டுக்கே எடுத்துட்டுப் போறோம்" என்றார்கள். ஒரு பெரியம்மா லேசில் விடவில்லை. நானும் அவரும் அந்த டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சிரித்துக்கொண்டே இழுத்தோம். படக்காரர் அதையும் படம் எடுத்துவிட்டார், அது இன்னும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. மனசில்லாமல்தான் ஒவ்வொருவராக அண்டாவில் போட்டார்கள்; பூவின்மேல் இவர்களுக்கு எவ்வளவு ஆசை பாருங்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கருவாடு வந்து இறங்கியபோது மண்டப மேனேஜர் ஓடிவந்தார். மண்டபத்துக்குள் கருவாடு கூடாதாம், மூன்று நாளைக்கு வாசனை போகாதாம். அவர் சொன்னதில் தப்பில்லை. தேசம்மா ஒரு பாக்கெட்டை அவர் கையில் வைத்து, "மொதல் பாக்கெட்டு உனுக்குத் தான் நைனா" என்றாள். அவர் அதைப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு மின்விசிறிகளை எல்லாம் வேகமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டரை மணிக்கு எண்ணினோம். இருநூற்றுப் பதின்மூன்று. மறுபடி எண்ணினோம். இருநூற்றுப் பதின்மூன்று.

ஒன்று போதும். ஐந்து மாதத்துக்கு முன்னால் தேசம்மா கொண்டுபோனதும் ஒன்றுதான்.

கோதண்டத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அஞ்சே நிமிட் மேடம். ஐஸ்கிரீம் குட்தாங்கோ. நான் வாசல வுட்டு உள்ள போல, திரும்பி நின்னுகினு தான் சாப்ட்டேன்."

"அந்தப் பக்கமா யாரு போனது?"

"மாப்ள தாய்மாமன். வேதாசலம். டிவிஎஸ் வண்டில டப்பாவ மாட்டிகினு போனாரு. பால் கறக்கற நேரமாம்னு சமையல்காரங்க பாத்துட்டு சொன்னாங்கோ."

ஏரிக்கரையில்தான் அவர் வீடு என்று தேசம்மா சொன்னாள். கருவாடு இறக்கிய குட்டியானையிலேயே நானும் கோதண்டமும் ஏறினோம். முன்னால் ஓட்டுநரோடு ஒரு இடம்தான். வயதை முன்னிட்டு அதைக் கோதண்டத்துக்குக் கொடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் அவர் முதலில் ஏறிவிட்டார். பின்னால் காலிக் கருவாட்டுச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், பட்டுப் புடவையில் மீஞ்சூர் தாண்டிப் போனேன். ஒரு லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. அந்த மனிதர் டப்பாவை ஏரியில் கவிழ்த்திருந்தால்? பூ அழகாக இருக்கிறது, மிதக்கட்டும் என்று விட்டிருந்தால்? ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது எனக்கு. மறுபடி அந்த ஊரில் போய் எப்படி நிற்பேன்?

வீட்டு வாசலில் சுவர்மேல் டப்பா இருந்தது. காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.

வேதாசலம் வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, "வாங்க மேடம், நம்ம ஏரி மேடம் தானே" என்றார். அறுபது வயது இருக்கும், கல்யாண வேட்டியை மாற்றிக் கைலி கட்டியிருந்தார்.

"ஐயா, இதுல இருந்த செடி எங்க?"

அவர் முகம் மாறியது. டப்பாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "சம்பந்தியம்மா அனுப்புனாங்களா?"

"இல்ல. செடி எங்க?"

"ஏரிப் பக்கம் கொண்டு போனேன்," என்று ஆரம்பித்தார். நான் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "எருமைய ஓட்டிட்டு வரப் போனேன் மேடம். கையில இருந்துச்சி. சரி, தின்னுதான்னு பாப்போமேன்னு நீட்டுனேன்."

"தின்னுச்சா?"

"ஒரே வாய்."

"வேரோடவா?"

"வேரு, பூவு, ரிப்பன் எல்லாம். ரிப்பன மட்டும் துப்பிடுச்சி." இடுப்பில் செருகியிருந்த ரிப்பனை எடுத்துக் காட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத்துல குடுத்த பொருளு, இப்பிடிப் பண்ணிட்டோமேன்னு மனசுல இருக்கு. சம்பந்தியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"எதுக்கு எருமைக்குப் போட்டீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குழந்தையைப் பார்ப்பது போல என்றுதான் சொல்ல வேண்டும். "மேடம், மூணு வருசம் உங்ககூட அந்த ஏரியில எறங்கி இந்தத் தழைய வாரிப் போட்டவன் நானு. எனக்கு இது இன்னா செடின்னு தெரியாதா?"

பந்தியில் டப்பாவை வைத்த உடனேயே அந்த நூறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை. பொண்ணு வீட்டில் ஆசையாக வளர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், புதுச் சம்பந்தம், பந்தியில் வைத்து அதைச் சொல்வதா என்று இலையில் கை வைத்தபடியே அவர்களுக்குள் பேசி முடித்திருக்கிறார்கள். சிரித்த முகமாக எல்லாரும் வாங்கிக்கொள்வது, ஒன்றுகூட ஏரிக்குப் போகாமல் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து எருமைக்குப் போட்டுவிடுவது. அதற்கு ஏற்பாடு செய்யத்தான் வேதாசலம் முதலில் கிளம்பி வந்திருக்கிறார். என்னோடு டப்பாவை இழுத்த பெரியம்மா, பட்டுப் புடவையில் என்னை யாரென்று தெரியாமல், எங்கே அது தப்பான கையில் போய்விடுமோ என்று இழுத்திருக்கிறார்.

சென்னைப் பக்கத்துச் செடிகளைப் பிடித்தது வீண் இல்லை. அண்டாவில் இருந்ததை எல்லாம் தேசம்மா அன்று சாயங்காலமே கருவாட்டு உப்பில் புரட்டிப் போட்டாள், உடைந்த படகிலும் மூட்டை உப்பைக் கொட்டினாள். ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் முதல் பந்தியிலேயே குனிந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் குட்டியானையில் போயிருக்க வேண்டியதில்லை. களையோடு வாழ்ந்தவர்களுக்கு அதைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசியவள் நான். அவசரம் வந்த அன்று அது எனக்கு ஞாபகமே வரவில்லை. உங்களுக்காவது வரட்டும்.

நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது கல்யாண பஸ் வந்து நின்றது. ஜனம் இறங்கியது. வேதாசலம் ஆவலாக எட்டி எட்டிப் பார்த்தார். ஒருவர் கையிலும் செடி இல்லை. இறங்கிய ஒவ்வொருவரும் ஒரு நெத்திலிப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"செடிங்க எங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். ஊரில் இருந்த எருமைகளை எல்லாம் அங்கே வரிசையாகக் கட்டியிருந்தார். பதினோரு எருமை. நூறு செடி வருகிறதே என்று மத்தியானத் தீனியை நிறுத்தி வைத்திருந்தாராம். பதினோரு தலையும் ஒன்றாகத் திரும்பி எங்களைப் பார்த்தன.

"கருவாட்ட இதுங்க தின்னாதே மேடம்," என்றார் வேதாசலம்.